என் இலக்கணமும் அவள் வாயும்

பொறாமையைப் பொறாமை என்று சொல்லக் கூச்சப்பட்டு, மனவருத்தம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த நாகரிகம் வராது. எனக்கு இருந்தது பொறாமைதான். என் கொழுந்தன் பெண்டாட்டி மேல், அவள் பேசுகிற இங்கிலீஷ் மேல்.

அது நல்ல இங்கிலீஷாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அது இங்கிலீஷே இல்லை. நான் தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்தவள். பூண்டுக் காட்டில் களை எடுத்துவிட்டு வந்து, கையில் பூண்டு வாசம் போகாமலே பேனா பிடித்துப் படித்துத் தேறியவள். அவள் பழனி அடிவாரத்தில் அப்பாவின் பூஜைத் தட்டுக் கடையில் உட்கார்ந்து, மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் காவடி எடுக்க வருகிறவர்களிடம் தேங்காய் பழம் விற்றே இங்கிலீஷ் பழகியவள். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் இங்கிலீஷில் தேறினாளா என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களா கெஸ்ட் ஹவுஸாக இருக்கிறது. அங்கே ரிசப்ஷனில் எனக்கு வேலை. மேல்மலையில் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அவளை அங்கே சமையலறையில் சேர்த்துவிட்டதும் நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில் காட்டு வேலை தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். அத்தை, அதாவது எங்கள் மாமியார், நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, கூட்டிப் போனேன். என் காசில் நானே சூனியம் வைத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் நடந்ததைச் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி பெட்டியோடு கீழே இறங்கி வந்தார்கள். டாக்ஸி வந்துவிட்டதா என்று பெரியவர் இங்கிலீஷில் கேட்டார். டாக்ஸி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நானே பார்த்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி.

என் தலைக்குள் நடந்தது இது. வந்து ஐந்து நிமிடம் ஆகிறது. ஐந்து நிமிடத்துக்கு முன் என்றால் 'அகோ'. 'அகோ' வந்தால் 'கேம்'. ஆனால் வந்தது இன்னும் நிற்கிறதே, அப்படியானால் 'ஹேஸ் கம்'. 'ஹேஸ் கம்' போட்டால் 'அகோ' போடக் கூடாது, 'ஆல்ரெடி' போடலாம். அந்த ஆல்ரெடியை எங்கே வைப்பது, நடுவிலா, கடைசியிலா. நான் வாயைத் திறந்து 'தி டாக்ஸி' என்று சொல்லிவிட்டு நின்றேன். பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து டீத் தட்டோடு அவள் வந்தாள்.

“சார், ஃபைவ் மினிட்ஸ் பிஃபோர் டாக்ஸி கம். நௌ கேட்டுல நிக்கிங். டிரைவர் குட் மேன், ஸ்லோ கோயிங். மேடம் நோ வாமிட்.”

பெரியவர் சிரித்தார். அந்த அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய் அவள் கன்னத்தைத் தொட்டு, இவளை நம்மோடு கூட்டிப் போய்விடலாமா என்று கணவரிடம் கேட்டார். மூன்று பேருமாகப் பேசிக்கொண்டே டாக்ஸிக்குப் போனார்கள். நான் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

இதில் இன்னொரு கொடுமை. வருகிறவர்கள் ஊருக்குப் போய் இன்டர்நெட்டில் கெஸ்ட் ஹவுஸைப் பற்றி நாலு வரி எழுதுவார்கள். அறை நன்றாக இருந்தது, குளிர் அதிகம், அப்புறம் அந்த டீ கொண்டுவருகிற பெண் எவ்வளவு அன்பு. பத்தில் ஏழில் அவள் இருப்பாள். ஒன்றில்கூட நான் இல்லை. அத்தனைக்கும் நன்றி சொல்லிப் பதில் எழுதுவது என் வேலை. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், எந்தக் காலத்தில் எந்த வினை என்று பார்த்துப் பார்த்து, அவளைப் பற்றிய புகழ்ச்சிக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் நேரத்தைச் சொல்லும் வார்த்தைகள், வலது பக்கம் அதற்கு வரவேண்டிய வினை. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், அகோ எல்லாம் ஒரு கட்டு. சின்ஸ், ஃபார், யெட், ஜஸ்ட் இன்னொரு கட்டு. நம் பேச்சில் இந்தத் தொல்லை கிடையாது. 'நேத்து வந்தேன்' என்கிறோம், 'இப்பத்தான் வந்தேன்' என்கிறோம், 'மூணு தடவை வந்தேன்' என்கிறோம், வந்தேன் ஒன்றே போதும். என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் மூஞ்சிக்கல் கடைவீதியில் நின்றுகொண்டு போனில் 'வந்துட்டேன், வந்துட்டேன்' என்பார். அவர் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அவளும் அதே மாதிரிதான், சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டே 'ஐ கேம், ஐ கேம்' என்று கத்துவாள். எந்த விருந்தாளியும் அவளிடம் நீ இன்னும் வரவில்லையே என்று கேட்டதில்லை.

போன ஜூனில் என் மகள் டவுன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். எங்கள் ஊரில் ஐந்தோடு சரி. இருட்டு விலகும் முன்னே எழுப்பி, முதல் பஸ்ஸில் என்னோடு கூட்டிப் போவேன். வளைவு ஆரம்பித்ததும் அவள் முகம் வெளுக்கும். மூக்கில் எலுமிச்சம்பழம், கையில் பாலிதீன் பை. தினமும் வாந்தி. சீசன் நாட்களில் டூரிஸ்ட் கார்கள் ரோட்டை அடைத்துக்கொள்ளும், பஸ் ஊர்ந்து போகும், போவதற்குள் பிரேயர் முடிந்திருக்கும், பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவைப்பார்கள். வாந்தி எடுத்த பிள்ளையை வெயிலிலும் சாரலிலும் நிற்கவைத்தால் அவள் என்னத்தைப் படிப்பாள். இரண்டு மாதத்தில் காலர் எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் வேலையை விட்டார். குளிர் அவர் நெஞ்சுக்கு ஆகவில்லை, பெரியகுளத்துக்கே இறங்கிப் போய்விட்டார். மேனேஜருக்கு ஒரு வீடு உண்டு. பங்களாவுக்குப் பின்னால் சரிவில், தகரக் கூரை போட்ட இரண்டு அறை. அங்கிருந்து பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. அந்த வேலை எனக்குக் கிடைத்தால் அந்த வீடு எனக்கு. நானும் மகளும் அங்கே தங்கிவிடலாம். என் வீட்டுக்காரர் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்து போகட்டும். பிள்ளை விடிந்த பிறகு எழுந்து, வயிற்றில் சோறு நிற்க, நடந்து போவாள். எனக்கு மேனேஜர் மேஜையும் வேண்டாம், பேரும் வேண்டாம். அந்த வீடு வேண்டும். ராத்திரி பகல் இதே நினைப்பாக இருந்தேன்.

முதலாளியின் மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள், இனி எல்லாம் அவள் பொறுப்பு. வெளி மாநிலத்துக்காரர்கள்தான் இப்போது அதிகம் வருகிறார்கள், அதனால் இங்கிலீஷில் பேசிப் பார்த்துத்தான் ஆள் எடுப்பேன் என்று சொன்னாள். நான் பேர் கொடுத்தேன். மறுநாள் சமையலறைப் பக்கம் போனபோது கொழுந்தன் பெண்டாட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அக்கா, மேடம் என்னையும் பேரு குடுக்கச் சொல்றாக. நீங்க வேணாம்னா குடுக்கலக்கா.”

குடுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கொடுத்திருக்க மாட்டாள். சத்தியமாகக் கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் அப்படிச் சொன்னால் நான் அவளுக்குப் பயப்படுகிறேன் என்று ஆகிவிடுமே.

“எனக்கென்ன வந்துச்சு. குடு தாராளமா.”

“ஒங்களுக்குத்தான் கெடைக்கும், அது எனக்குத் தெரியும். சும்மா பேசிப் பாக்குறதுதான். அக்கா, எனக்கும் அந்த நோட்டுல இருக்கறதச் சொல்லிக் குடுங்களேன். நான் பேசுறது பூரா தப்புன்னு எனக்கே தெரியுதுக்கா.”

இப்போது சொல்லப்போவதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், தினமும் பஸ்ஸில் திரும்பும்போது, ஒன்றரை மணி நேரம். அவள் தேறவேண்டும் என்று இல்லை. அவள் நாக்கைக் கட்டவேண்டும் என்று. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொட்டினேன். யெஸ்டர்டே வந்தால் இது, சின்ஸ் வந்தால் அது, திஸ் மார்னிங் என்று சொல்லும்போது காலை முடிந்துவிட்டதா முடியவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். விதியைச் சொல்லி, அதற்கு விலக்கைச் சொல்லி, விலக்குக்கு விலக்கையும் சொன்னேன். ஒரு பொய்கூட சொல்லவில்லை. எல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். நான் எப்படி வாயைத் திறக்க முடியாமல் கிடக்கிறேனோ, அப்படியே அவளும் கிடக்கட்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

பலித்தது. ஒரு வாரம் பலித்தது. டீத் தட்டோடு வருவாள், விருந்தாளி ஏதாவது கேட்பார், இவள் கண்ணை மேலே செருகிக்கொண்டு யோசிப்பாள். “யெஸ்டர்டே... ஐ... அக்கா, யெஸ்டர்டேக்கு என்னக்கா?” என்று என்னைத் திரும்பிப் பார்ப்பாள். டெல்லிக்காரர் ஒருவர் அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தார். நான் முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டேன். அந்த ஏழு நாளும் எனக்கு நல்ல தூக்கம்.

எட்டாம் நாள் அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதெல்லாம் எனக்கு ஏறாது. நெனச்சு நெனச்சுப் பேசுனா, பேச வேண்டியது மறந்து போகுதுக்கா. அவுக மூஞ்சியப் பாக்காம நான் நோட்டப் பாத்துக்கிட்டு நிக்கேன். நான் எப்பவும் போலவே பேசிக்கிறேன்.”

மறுநாள் காலையில் மாடிப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பார்க்காமலே தெரிந்தது, நடுவில் நிற்பது யார் என்று.

என் மகளும் அவள் பக்கம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்து, கடைசி பஸ் வரைக்கும் சமையலறையில் சித்தியோடுதான் இருப்பாள். பூரி மாவு உருட்டுவாள். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக் கொட்டமடிப்பார்கள். ஒரு நாள் பஸ்ஸில் மகள் என்னிடம், “அம்மா, டுடே டீச்சர் வெரி வெரி ஷவுட்டிங்” என்றாள். ஷவுட்டட் என்று சொல்லு என்றேன். டீச்சர் எதற்குச் சத்தம் போட்டார் என்று சொல்ல வந்தவள், சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதற்குச் சத்தம் போட்டார் என்பதை அவள் சித்தியிடம் சொல்லியிருந்தாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேல்மலையில் பெரியவர்கள் வருடம் சொல்ல மாட்டார்கள், பூண்டு சொல்வார்கள். வீடு கட்டி ஆறு பூண்டு ஆச்சு, இவன் பிறந்து இருபது பூண்டு, இப்படி. வருடத்துக்கு இரண்டு போகம் பூண்டு போடுகிறோம், அதனால் இரண்டு பூண்டு ஒரு வருடம். எங்களுக்கு இதற்கு விரல் மடக்க வேண்டியதில்லை. கீழே இருந்து வருகிறவர்களுக்குத்தான் புரியாது. அவள் கல்யாணமாகி வந்தபோது அத்தை, “நாலு பூண்டுக்குள்ள ஒரு பிள்ளையப் பெத்துரு தாயி” என்றார். அவள் நாலு வருடம் இருக்கிறது என்று நினைத்து நிம்மதியாக இருந்தாள். இரண்டு வருடத்தில் அத்தை ஜோசியரைப் பார்க்கக் கிளம்பியபோதுதான் கணக்கு தெரிந்தது. அன்றைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு குளியலறையில் போய் அழுதாள். பிள்ளை இன்றுவரை இல்லை.

மேடம் பேசிப் பார்க்கிற நாள் வந்தது. நான் இரண்டு வாரமாக ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். எவ்வளவு காலமாக வேலை செய்கிறாய் என்றுதான் எல்லா இடத்திலும் முதலில் கேட்பார்கள். ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் செவன் இயர்ஸ். ஹேவ் பீன், ஃபார், எல்லாம் அதனதன் இடத்தில். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

காலையில் வெள்ளனே கிளம்பும்போது அத்தை திருநீறு பூசிவிட்டார். “பதினாலு பூண்டா அங்கயே கெடக்க. ஒனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாக. பதினாலு பூண்டு சும்மாவா” என்றார். பஸ்ஸில் போகும்போது அது காதில் ஓடிக்கொண்டே வந்தது. பக்கத்தில் மகள் பைக்குள் முகத்தை வைத்துக் கிடந்தாள். இன்னும் கொஞ்ச நாள்தான் கண்ணு, என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.

கண்ணாடி போட்ட வராந்தாவில் மேடம் உட்கார்ந்திருந்தாள். இன்று தமிழ் கிடையாது என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். நான் என் வாக்கியத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. வென் டிட் யு ஜாயின் ஹியர் என்றாள். எப்போது சேர்ந்தாய்.

நான் கொண்டுவந்தது இந்தக் கேள்விக்கு உதவாது. 'வென்' என்று கேட்டால் 'ஹேவ்' வராது. கடந்த காலம். ஜாயின்ட். கடைசியில் அகோ. என் மூளை முழுக்க அந்த வினையைப் பிடிக்க ஓடியது. எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆளில்லை. அது வாயில் தானாக வந்து உட்கார்ந்தது.

“ஐ ஜாயின்ட் ஃபோர்டீன் இயர்ஸ் அகோ” என்றேன். தடங்கல் இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

மேடம் பேனாவை வைத்தாள். ஃபோர்டீனா என்று கேட்டாள். அவள் புருவம் ஏறியதைப் பார்த்ததும் வினையில்தான் தப்பு என்று எனக்குப் பட்டது. “ஐ ஹேவ் ஜாயின்ட் ஃபோர்டீன் இயர்ஸ்” என்று மாற்றினேன். அவள் முகம் இன்னும் இறுகியது. “ஐ ஹேட் ஜாயின்ட்” என்றேன். இந்த பங்களாவை எங்கள் அப்பா வாங்கியே பத்து வருடம்தான் ஆகிறது என்று அவள் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள். அனுபவத்தைக் கூட்டிச் சொல்வது நல்லதில்லை என்றும் சொன்னாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் என்னைப் பொய் சொல்கிறவள் என்கிறாள், அது மட்டும் விளங்கியது. தமிழில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வீம்பு. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் தமிழுக்கு இறங்குவாளா. “ஐ நெவர்...” என்று ஆரம்பித்து, நெவருக்குப் பின்னால் என்ன போடுவது என்று தெரியாமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டீ கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றிருக்கிறாள். தட்டை அப்படியே வைத்தாள்.

“மேடம், அக்கா நோ லை. மேடம், மை வில்லேஜ் பீப்பிள் நோ இயர் கவுண்டிங். கார்லிக் கவுண்டிங். ஒன் இயர், டூ கார்லிக். அக்கா ஃபோர்டீன் கார்லிக் ஹியர் வொர்க்கிங். யு டிவைட், மேடம். செவன் கம்.”

மேடம் ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இவளை உட்காரச் சொன்னாள். பூண்டு எப்போது போடுவீர்கள், எப்போது எடுப்பீர்கள், அப்படியானால் உனக்கு எத்தனை பூண்டு வயசு என்று கேட்டாள். இவள், அத்தை பிள்ளைக்கு நாலு பூண்டு கெடு வைத்த கதையைச் சொன்னாள். அதையும் சிரிக்கிற மாதிரித்தான் சொன்னாள். ஒரு வினைகூட அதனதன் காலத்தில் இல்லை. மேடத்துக்கு ஒன்றும் புரியாமல் போகவில்லை. நான் ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மேடம் இரண்டு பேரையும் கூப்பிட்டுத் தமிழில் சொன்னாள். மேனேஜராக விருந்தாளிகளைப் பார்த்துக்கொள்வது இவள், கடிதம் கணினி எல்லாம் நான், இரண்டு பேரும் சேர்ந்தால் கெஸ்ட் ஹவுஸுக்கு நல்லது. வீடு இவளுக்கு. யோசித்துப் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான். நான் யோசிக்கவில்லை. அவளுக்குக் கீழே உட்கார்ந்து எழுதித்தர நான் என்ன குமாஸ்தாவா என்று மனசுக்குள் பொங்கியது. எனக்கு வேலை வேண்டாம் மேடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் பஸ்ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

“அக்கா, வீடு நமக்குத்தானக்கா. ரெண்டு ரூம் இருக்கு. நீங்களும் பாப்பாவும் ஒண்ணுல இருங்க, நாங்க ஒண்ணுல இருக்கோம். எனக்கு எழுதவா தெரியும், நீங்க இல்லாம நான் என்ன செய்வேன்.”

“நீதான் பேசியே பொழச்சுக்குவியே” என்றேன்.

அன்றைக்கு அவள் வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலும் வேலை அவளுக்குத்தான் போயிருக்கும். நான் பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு வெளியே வந்திருப்பேன், நிம்மதியாக அவளை வெறுத்திருப்பேன். அவள் எனக்காகப் பேசிவிட்டாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார்.

“நீ போனா போ, போகாட்டி இரு. அது ஒன் ரோசம். பிள்ளைய அனுப்பு. ஒன் ரோசத்துக்கு அவ எதுக்கு வாந்தி எடுக்கணும்?”

அடுத்த திங்கள் கொழுந்தன் அவன் வாடகைக்கு ஓட்டுகிற ஜீப்பில் என் மகளின் பெட்டியை ஏற்றினான். புத்தகம், ஸ்வெட்டர், தலையணை. அவள் அழுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் முன் சீட்டுக்கு ஏறிக்கொண்டாள்.

இப்போது நான் காட்டு வேலைக்குப் போகிறேன். பூண்டுக்கு நடுவே உட்கார்ந்தால் யாரும் எந்தக் காலம் என்று கேட்பதில்லை. கொழுந்தன் பெண்டாட்டி வாரம் ஒரு முறை போன் பண்ணுகிறாள். உங்க ரூம்ல யாரையும் படுக்க விடலக்கா, வாங்கக்கா என்பாள். பாப்பா ரெண்டு தோசை தின்னா, பாப்பா பிரேயர்ல பேசுனா, பாப்பா ஒரு சுத்து சதை போட்டிருக்கா என்பாள். நல்லது என்பேன். என் பிள்ளை தேறிவருவதைக் கேட்டு எரிச்சல்படுகிற தாய் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை. அவள் சமைத்துப் போட்ட சோற்றிலா தேறவேண்டும் என்று இருக்கும்.

சனிக்கிழமை மதியம் மகள் வருவாள், ஞாயிறு சாயங்காலம் போவாள். போன ஞாயிறு நாலு மணிக்கே ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் அவளுக்காக அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன், இன்னும் நாலைந்து பாக்கி.

“நேரம் கெடக்கு கண்ணு. உள்ள வந்து உக்காரு.”

“இல்லம்மா, ஸ்டாப்புல போய் நிக்கேன். இத விட்டா எட்டு மணி ஆயிரும். சித்தி நான் வாரவரைக்கும் சாப்பிடாது. வெரசாப் போனாத்தான் வீட்டுல எல்லாரும் சேந்து சாப்பிடலாம்.”

“எந்த வீட்டுல?” என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போல.

“நம்ம வீட்டுலதாம்மா” என்றாள்.

எண்ணெயில் கிடந்ததை எடுத்து, சூடாக இருந்தபடியே பொட்டலம் கட்டி, அவள் பையில் வைத்தேன். மூன்று பேருக்குத்தான் இருந்தது.